கார் வயரும் நம் கூரையும்



2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், திருகோணமலைக்குப் போக நாம் பாதைக்காகக் காத்து நின்றோம். இன்று அந்தப் பாலத்தில் மின்சாரக் கார்களும் ஓடுகின்றன. 2025இல் வாகன இறக்குமதித் தடை நீங்கியபின் இவை கூடிவிட்டன.

அண்மையில் மீள்குடியேறிய குடும்பமொன்றைச் சந்திக்கப் போனோம். மகன் ஹயர் ஓடவென்று லீசிங்கில் எடுத்த பழைய மின்சாரக் கார் முற்றத்தில் நின்றது. அதன் சார்ஜ் வயர் யன்னலால் உள்ளே போய், சுருட்டிக் கிடந்த நீட்டு வயரொன்றில் செருகப்பட்டிருந்தது. பிளக்கைத் தொட்டோம், கை சுட்டது.

"லைற் எரியுதுதானே பாதர், என்ன பிழை?" என்று தகப்பனார் கேட்டார்.

லைற்றுக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். கார் 10 அம்பியர் எடுத்தால், 230 வோல்ற்றில் அது 2300 வாற்று. 40 கிலோவாற்று மணி பற்றரி வெறுமையிலிருந்து நிரம்ப 17 மணித்தியாலத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் தளர்ந்த பிளக் சூடேறிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுருட்டிய வயரில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

காருக்கெனப் பிரேக்கர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுப்பியுங்கள். புவித்தொடுப்பும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் இருக்கட்டும். மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

நீட்டு வயரும் பல பிளக் கட்டையும் வேண்டாம். உருண்டைக் கம்பியுள்ள 5 அம்பியர் சொக்கற்றில் மாற்றி பூட்டிச் செருகவே கூடாது.

ஜப்பானிலிருந்து வந்த வயரின் பிளக்கை நீங்களே வெட்டி மாற்றாதீர்கள். சிலவற்றில் சூட்டை அறியும் உணரி பிளக்கிலேயே உண்டு. வெட்டினால் அந்தக் காவலும் போய்விடும்.

வயரின் நடுவிலுள்ள பெட்டி சொக்கற்றில் தொங்கக் கூடாது. மாரியில் பிளக்கில் நீர் படாமல் பாருங்கள். எலி கடித்த, தோல் வெடித்த வயரை நாடா சுற்றிப் பாவிக்காதீர்கள்.

முடிந்ததும் முதலில் சார்ஜை நிறுத்தி, காரிலிருந்து கழற்றி, பின்பு சுவரிலிருந்து கழற்றுங்கள்.

இதற்குச் செலவுண்டு என்பது நமக்கும் தெரியும். ஆனால் 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறியவர்களுக்கு, ஒரு வீட்டை இழப்பது என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பக் கட்டிய வீட்டை ஒரு பிளக்கிடம் இழக்க வேண்டாம். அந்தத் தகப்பனார் அன்றே வயரைக் கழற்றினார். தனி வயர் இழுக்கும்வரை காரைச் சார்ஜ் நிலையத்தில் நிரப்பச் சொல்லி மகனிடம் கூறினார். நீங்களும் இன்றிரவே உங்கள் வீட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.