கோப்புகள் காணாமல் போகவில்லை



நெகிரி செம்பிலானில் மாலை நேரத்து இடியும் மின்னலும் நமக்குப் புதியவை அல்ல. மின்சாரம் நின்று திரும்பினால் லயத்தில் விளக்கு எரியும்; அதோடு சரி. பள்ளிக் கணினி அறையில் கதை வேறு. மறுநாள் காலை பார்த்தால் பாடக் கோப்புறை வெறுமையாக இருக்கும். "சார், எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். நாங்களும் ஒருமுறை அதை நம்பிவிட்டோம். பழுது பார்க்க வந்தவர் சர்வரின் வட்டைத் துடைத்துப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு அப்போதுதான் அழிந்தது. மின்னல் அதைத் தொடவே இல்லை.

அப்படியானால் நடந்தது என்ன? பிள்ளைகளின் கோப்புகள் அவரவர் கணினியில் இருப்பதில்லை. சர்வர் என்னும் ஒரே கணினியில் இருக்கின்றன. லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வழிக் கணினிகளில் அவற்றைப் பங்கிட்டுத் தரும் முறைக்கு என்எஃப்எஸ் என்று பெயர். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது.

சர்வர் விழித்தெழும்போது தொடக்கக் கட்டளைக் குறிப்புகளை வரிசையாக நடத்துகிறது. இவற்றை ஸ்கிரிப்ட் என்பார்கள். பழைய முறையில் குறிப்பின் பெயரிலேயே வரிசை எண் இருக்கும். சிஸ்டம்டி என்னும் புதிய முறையில், 'இன்னதற்குப் பின் இது' என்று எழுதி வைப்பார்கள். வரிசை தவறினால் தொல்லைதான்.

நமது பெரட்டை நினைத்துப் பாருங்கள். கிராணி பேரேட்டைத் திறந்த பிறகுதானே பெயர் கொடுக்க முடியும்? சர்வரில் அந்தக் கிராணிக்கு ஆர்பிசிபைண்ட் என்று பெயர். முன்பு போர்ட்மேப் என்றார்கள். என்எஃப்எஸ் வேலையாட்கள் அவரிடம் தங்கள் வாசல் எண்ணைப் பதிகிறார்கள். தேடி வரும் கணினிக்கு அவர் வாசலைக் காட்டுகிறார். கிராணி வருமுன் ஆட்கள் வந்தால் பெயர் ஏறாது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு மட்டும் கிராணியைக் கேளாமல் 2049ஆம் வாசலுக்கே நேராகப் போய்விடும்.

சர்வரில் ஆர்பிசிஇன்ஃபோ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் பி எழுத்தும் சேர்த்தால் பேரேடு திரையில் வரும். 111 என்ற எண் கிராணியுடையது. அது மட்டும் இருந்தால் ஆட்கள் வரவில்லை. என்எஃப்எஸ் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். பேரேடே வரவில்லையென்றால் கிராணியை முதலில் எழுப்புங்கள். எல்லாம் சரியாயிருந்தும் வேலை நடக்கவில்லையா? எக்ஸ்போர்ட்ஸ் என்னும் கோப்பைப் பாருங்கள். எந்தக் கோப்புறையை யாருக்குத் தரலாம் என்ற பட்டியல் அதில்தான் உண்டு. அது காலியாயிருந்தால், சில லினக்ஸ் வகைகளில் சேவை தொடங்காமலே திரும்பிவிடும்.

எங்கள் பள்ளியில் குற்றம் சர்வரிடம் இல்லை, நேரத்தில்தான். மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கணினிகளும் ஒன்றாக எழுந்தன. சர்வர் தன் வட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் கணினிகள் வழக்கப்படி 2 நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டன. எஃப்எஸ்டேப் கோப்பில் பிஜி என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்திருந்தால் 10,000 நிமிடம், ஏறக்குறைய ஒரு வாரம், விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டெழுத்துக்கு அவ்வளவு வேலை! அதுவரை, சர்வரை முதலில் எழுப்பி, அது நிலைக்கு வந்தபின் மற்றவற்றைத் திறப்பது நல்லது.

இன்னொன்று. கோப்புறை வெறுமையாகத் தெரியும் நாளில் பிள்ளைகள் அதில் எதையும் எழுதக்கூடாது. எழுதினால் அது அந்தச் சிறு கணினியிலேயே தங்கும். சர்வர் இணைந்ததும் அதன் கோப்புகள் மேலே வந்து இதை மறைத்துவிடும். அப்படி ஆகிவிட்டாலும் பயப்பட வேண்டாம். இணைப்பைக் கழற்றுங்கள், அடியில் இருப்பதை வேறிடத்தில் படியெடுங்கள், பிறகு இணையுங்கள்.