டர்போவை மாற்றும் முன் தகட்டைப் பார்க்க வேண்டும்

இன்ஜின் வெளியேற்றும் சூடான புகையின் விசையால் சுழலும் டர்பைன் சக்கரத்தையும், அதே தண்டின் மறுமுனையில் சுழன்று வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தையும் கொண்ட கருவியே டர்போசார்ஜர். ஜப்பானின் சுபாரு நிறுவனம் தன் இம்ப்ரெசா கார்களில் இதன் பல வகைகளைப் பொருத்தியுள்ளது. பழைய கார்களில் பலவும் கைமாறும்போதே டர்போவும் மாற்றப்பட்டவை என்பதால், தயாரிப்பு ஆண்டை மட்டும் கொண்டு உள்ளே இருப்பது எது என்று முடிவு செய்ய இயலாது.

அமெரிக்கச் சந்தைக்கு 2002 மாடலாக வந்த 2 லிட்டர், 227 குதிரைத்திறன் கொண்ட இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் மிட்சுபிஷியின் டி.டி.04 வகை டர்போவும், 2004 மாடலான 2.5 லிட்டர், 300 குதிரைத்திறன் எஸ்.டி.ஐ. காரில் ஐ.எச்.ஐ. நிறுவனத்தின் வி.எஃப்.39 டர்போவும் இருந்தன. டர்போவின் கூட்டில் உள்ள சிறு தகட்டை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படித்தால் வகை தெரிந்துவிடும். ஆனால் வி.எஃப். எண் பெரிதாக இருந்தால் டர்போவும் பெரிது என்று கொள்வது தவறு, வி.எஃப்.39-ஐ விட வி.எஃப்.22 அதிகக் காற்றைத் தரவல்லது. பழைய டர்போ வாங்குவோர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தகடு சரியாக இருந்தாலும் தண்டைச் சோதிக்காமல் வாங்கலாகாது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய இத்தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதப்பதால், விரலால் அசைக்கும்போது பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய தடம் தெரிந்தாலோ அதைத் தவிர்த்துவிட வேண்டும்.

வி.எஃப்.39 டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் பழைய இடத்திலேயே போல்ட் மாட்டிப் பொருந்திவிடும் என்றாலும், வேலை அத்துடன் முடிவதில்லை. கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் சேராவிட்டால் கலவை வறண்டு, நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடும். ஆகவே பெரிய இன்ஜெக்டர்களும், அவற்றுக்கேற்பத் திருத்திய கணினி நிரலும் கட்டாயம். டர்போவுக்குச் செலவிட்டு டியூனிங்கில் மிச்சம் பிடிப்பது மிகத் தவறான சிக்கனம்.

பெரிய சக்கரம் சுழற்சி பிடிக்க அதிக நேரம் எடுப்பதால் ஆக்ஸிலேட்டரை மிதித்த பின் காரின் வேகம் கூடத் தாமதமாகும். அன்றாடம் சாலையில் ஓட்டுபவருக்கு வி.எஃப்.39 போதுமானது, வி.எஃப்.22 பந்தயத் தடத்துக்கு உரியது.