கையில் வைத்த குச்சி கரையாது

"அது தானாகக் கரைஞ்சு போயிடும்; எடுக்கத் தேவையில்லை." கையில் தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சியைப் பற்றி இப்படி நம்புகிறவர்கள் உண்டு. கரைவது மருந்து மட்டும்தான். அதைச் சுமக்கும் சிலிக்கோன் குச்சி அப்படியே இருக்கும். வேலணையிலோ நெடுந்தீவிலோ இருக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருப்பது மிக அவசியம்.

இலங்கையின் குடும்பத் திட்டச் சேவையில் தரப்படும் ஜடெல் இரண்டு மெல்லிய குச்சிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 43 மில்லிமீற்றர் நீளம். உள்ளே 75 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல். காலம் 5 வருடம்.

ஏன் சிலிக்கோன்?

பெருங்காயத்தைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பையில் ஓட்டை இல்லாவிட்டாலும் வாசம் வெளியே வரும். சிலிக்கோன் சுவரும் அப்படித்தான். கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் அதில் கரைந்து மெல்ல வெளியேறும். இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறு அப்படிக் கடக்காது. அதனால் எல்லா மருந்தையும் சிலிக்கோனில் அடைக்க முடியாது. ஜடெலில் ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் வெளியேறும். இரண்டு வருடத்தில் அது 30 அளவுக்குக் குறையும்.

இதன் மூத்த வடிவம் ஆறு குழல்கள் கொண்ட நோர்பிளாண்ட். அதைப் பயன்படுத்தியவர்களையும் வேறு முறைகளைப் பயன்படுத்தியவர்களையுமாக 16,000 பெண்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த 8 நாட்டு ஆய்வில் இலங்கையும் இருந்தது.

பெயர் ஒன்று, தரம் வேறு

கேக் அச்சும் சிலிக்கோன், ஹாட்வெயார் கடையில் வாங்கும் ஒட்டும் பசையும் சிலிக்கோன். ஆனால் உடலுக்குள் வைப்பதற்கான சிலிக்கோனில் இறப்பரை இறுக்கச் சேர்த்த இரசாயனம் மிஞ்சி, கசியக்கூடாது. உடலில் 30 நாளுக்கு மேல் தங்கும் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேச நியமத்தின்படி நீண்டகாலச் சோதனைகள் வேண்டும். பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மார்பக உட்பதியங்களில் மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. அதன் நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார்.

இலங்கையில் மருந்துகளையும் மருத்துவ உபகரணங்களையும் பதிவுசெய்து கட்டுப்படுத்துவது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. தனியார் இடத்தில் வைப்பதானால் பெட்டியில் உள்ள பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். வெளிநாட்டில் வைத்துக்கொண்டு ஊர் வந்தவர்களின் குச்சி சிலிக்கோனாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. இம்ப்ளனோன் வேறு பிளாஸ்டிக்கால் ஆனது. அதைப் பொதுவாக 3 வருடத்தில் மாற்றச் சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியவை

மாதவிடாய் ஒழுங்கு மாறுவது பொதுவானது. வைத்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின் போன்ற மாத்திரைகள் குச்சியின் பலனைக் குறைக்கும். எடுக்கும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது ஏற்றதல்ல. 5 வருடம் கடந்தால் பாதுகாப்பு நிச்சயமில்லை. அப்போது கர்ப்பம் தங்கினால், அது கருப்பைக்கு வெளியே தங்கவும் கூடும்.

உங்கள் உரிமை

2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் சரியான விளக்கமும் சுயவிருப்பும் இன்றித் தாய்மாருக்கு இந்தக் குச்சி வைக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. நல்ல கருவியானாலும் சம்மதமின்றி வைத்தால் உரிமை மீறலே. வேறு முறைகள் எவை, பக்கவிளைவு என்ன, எடுப்பது எப்படி என்று விளங்கிய பிறகே "ஓம்" சொல்லுங்கள். வேண்டாமென்றும் சொல்லலாம். 5 வருடம் முடியுமுன்பே, காரணம் சொல்லாமலே, எடுக்கக் கேட்கலாம். விறைக்க ஊசி போட்டு, சிறு கீறலில் பயிற்சி பெற்றவர் எடுப்பார். எடுத்த பின் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பும்.

எங்கே முறையிடலாம்?

முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். அரச சேவையில் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் போடலாம். மனுவுக்குத் தவணை ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது.

தீவுப் பெண்ணுக்கு 5 வருட முறை வசதிதான். மாத்திரைக்காக அடிக்கடி அலையத் தேவையில்லை. ஆனால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வருகிறவருக்கு, எடுக்கப் போகும் நாளும் ஒரு பயணம்தான். ஆகவே வைத்த அன்றே கிளினிக் கொப்பியில் இரண்டு திகதிகளை எழுதச் சொல்லுங்கள்: வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள். இரண்டாவதை வீட்டுக் கலண்டரிலும் குறித்து, வருடா வருடம் புதுக் கலண்டருக்கு மாற்றி எழுதுங்கள்.