சந்நிதியில் கிடத்தப்பட்ட மகள்

திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது திருவாசி. தேவாரம் போற்றும் திருப்பாச்சிலாச்சிராமம் இதுவே. மாற்றுரைவரதீஸ்வரரும் பாலாம்பிகை அம்மையும் எழுந்தருளியுள்ள இத்தலத்து நடராஜப் பெருமானின் திருவடியின்கீழ் முயலகனைக் காண இயலாது. அரவம் ஒன்றே இருக்கும். அதற்குக் காரணமாகத் தலத்தார் சொல்லும் நிகழ்ச்சியைப் பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றினுள் காணலாம்.

மழநாட்டுச் சிற்றரசனான கொல்லி மழவனின் அருமை மகளை முயலகன் என்னும் கொடுநோய் பற்றியது. வலிப்பின் ஒரு வகை என்பர். தீர்க்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்த தந்தை, இறுதியில் மகளைத் தூக்கி வந்து இறைவன் சந்நிதியில் கிடத்திவிட்டான். அவ்வேளையில் சம்பந்தர் ஊரை நெருங்குகிறார் என்ற செய்தி கிடைக்கிறது. எதிர்சென்று வணங்கி அழைத்து வருகிறான். உணர்விழந்து கிடக்கும் பெண்ணைக் கண்டு இது என்னவென்று வினவுகிறார் பிள்ளையார். மழவன் உள்ளதைச் சொல்கிறான்.

அடுத்து நிகழ்ந்ததை நாம் பலமுறை கேட்டிருந்தும் கவனிக்கத் தவறியிருக்கிறோம். இக்குழந்தை முற்பிறவியில் என்ன செய்தது என்று சம்பந்தர் கேட்கவில்லை. பெற்றோர் எந்த விரதத்தில் குறை வைத்தனர் என்றும் கேட்கவில்லை. அவர் கேட்ட கேள்வி இறைவனை நோக்கியது. இளம்பெண்ணை இவ்வாறு வாட விடுவது உம் பெருமைக்குத் தகுமா என்பதே அப்பதிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. பெண் பிணி நீங்கி எழுந்தாள்.

இன்று புற்றுநோய் மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில், மழவனைப் போலவே மகனையோ மகளையோ கிடத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலர். அவர்களைக் காணச் செல்லும் நம்மைப் போன்ற முதியோரில் சிலர், ஆறுதல் என்றெண்ணி, "எல்லாம் முன்வினை" என்று சொல்லிவிட்டு வருகிறோம். மூன்று வயதுக் குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசி ஏறுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்கும் தாயிடம் சொல்லத்தக்க சொல்லா அது? ஆளுடைய பிள்ளையாரே சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஐந்து வயதுப் பேரனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதன் ஒரு வகையே. உரிய சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். அந்தத் தாய், நோய் உறுதியான நாள் முதல் பூஜை அறைக்குள் நுழையவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் தாமே விளக்கேற்றி வந்தார். ஒருநாள் மருமகள், "என்மேல் கோபமா, அத்தை?" என்று கேட்டாராம். "உனக்குக் கோபம் சுவாமிமேல்தானே அம்மா, என்மேல் இல்லையே. நீ பிள்ளையைப் பார்த்துக்கொள், விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அந்த அம்மையார். இறைவனிடம் கோபித்துக்கொள்பவர் அவனை விட்டுப் போய்விட்டவர் அல்லர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிரசாதம் பற்றியும் ஒரு சொல். புள்ளிருக்குவேளூர் வைத்தீஸ்வரன் கோயிலின் திருச்சாந்துருண்டை நோய் தீர்க்கும் அருமருந்தாகப் போற்றப்படுவது. மண்ணும் விபூதியும் சேர்த்து உருட்டப்படுவது அது. புற்றுநோய்க்கான மருந்து ஏறும் நாள்களில் குழந்தையின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். சிறு கிருமியும் பேராபத்தாகும். ஆகவே காய்ச்சாத தீர்த்தமும், பலர் கைபட்ட பிரசாதமும், பூவும், திருவிழாக் கூட்டமும் அந்நாள்களில் ஆகா. மருத்துவரைக் கேளாமல் எதையும் குழந்தையின் வாயில் இடலாகாது. சாந்துருண்டையைப் பேரன் பெயர் சொல்லிப் பாட்டியே உட்கொண்டால் வைத்தியநாதர் ஏற்க மாட்டாரா என்ன!

அக்குடும்பத்தில் பேரனுக்குப் பழநியில் முடியிறக்குவதாக வேண்டுதல் இருந்தது. அதற்குள் மருந்தினால் முடி முழுதும் உதிர்ந்துவிட்டது. பாட்டனார் தனியே மலையேறித் தம் முடியை இறக்கிவிட்டு வந்தார். கூட்டத்தில் போய்வந்தமையால் சில நாள்கள் விலகியிருந்து, பின்னரே பேரனை நெருங்கினார். சிறுவன் தன் தலையையும் தாத்தாவின் தலையையும் மாறி மாறித் தடவிச் சிரித்தானாம்.

வேண்டுதலாக ஏதேனும் செய்ய விழைவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. சிகிச்சையின்போது இக்குழந்தைகளுக்கு இரத்தமும் தட்டணுக்களும் அடிக்கடி தேவைப்படும். எடுத்த தட்டணுக்களை ஏறத்தாழ ஐந்து நாள்களே வைத்திருக்க முடியும். ஆகவே கொடுப்போர் வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் வயதில் நாம் கொடுக்க இயலாது. 18 வயது கடந்த பேரப்பிள்ளைகளைப் பிறந்தநாள் அர்ச்சனைக்குப் பின் இரத்த வங்கிக்கும் அனுப்பிவைக்கலாம்.

அந்தப் பேரன் இப்போது வீட்டிலிருந்தபடி மாத்திரை உட்கொள்ளும் கட்டத்தில் இருக்கிறான். இன்னும் ஓராண்டு உண்டு. மருத்துவர் அனுமதித்தபின் திருவாசிக்கு அழைத்துச் செல்வதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். மருமகள் இப்பொழுதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விளக்கேற்றுகிறார். மற்ற நாள்கள் மாமியாருடையவை.