சாப்பாடு கொடுத்தும் குழந்தை ஏன் தேறல? குடல் பாக்டீரியாவிடம் விடை தேடிய ஆய்வு மாணவர்கள்

எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தை, சிகிச்சை உணவால் பிழைத்துக்கொள்கிறது. எடையும் கொஞ்சம் கூடுகிறது. ஆனால், வீடு திரும்பிய பிறகும் அதே வயதுக் குழந்தைகளின் வளர்ச்சியை எட்டவில்லை. சத்தான உணவு கொடுத்தும் ஏன் தேறல?

வங்கதேச மருத்துவர்களைக் குடைந்த இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் சிலர், அப்போது டாக்டர் பட்டம்கூட வாங்காத மாணவர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜெஃப்ரி கோர்டனின் ஆய்வகத்தில் இருந்தவர்கள். டாக்காவின் ‘ஐசிடிடிஆர்,பி’ ஆய்வு மையத்தோடு சேர்ந்து அவர்கள் வேலை செய்தார்கள்.

குடலுக்கும் வயது உண்டா?

நம் குடலில் லட்சம் கோடிக்கணக்கில் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. இந்தக் கூட்டத்தைத்தான் மைக்ரோபயோம் என்கிறார்கள். குழந்தை தாய்ப்பாலிலிருந்து மற்ற உணவுக்கு மாறும்போது இதுவும் மாறுகிறது. முதல் 2, 3 ஆண்டுகளில் பெரியவர்களுடையதைப் போல ஆகிறது.

இந்த மாற்றத்தை அளந்து பார்த்தார் ஆய்வு மாணவர் சதீஷ் சுப்ரமணியன். ஆரோக்கியமாக வளர்ந்த 50 வங்கதேசக் குழந்தைகளின் மல மாதிரிகள், 2 வயதுவரை மாதந்தோறும் சேகரிக்கப்பட்டன. மெஷின் லேர்னிங் முறையில் அலசியபோது, 24 வகை பாக்டீரியாக்களை வைத்தே குழந்தையின் வயதைக் கணிக்க முடிந்தது.

அடுத்து, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்த 64 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களின் மைக்ரோபயோம் வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லாமல் பின்தங்கியிருந்தது. சிகிச்சை உணவு கொடுத்தபோது கொஞ்சம் முன்னேறியது. நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலைக்கே போனது. 2014இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

காரணமா, விளைவா?

சாப்பாடு குறைந்ததால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியாவும் நோய்க்கு ஒரு காரணமா? இதற்கு ஒரு துப்பு, அதே ஆய்வகம் மலாவி நாட்டு இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வில் கிடைத்திருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒரு குழந்தைக்கு மட்டும் குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்து நோய். இருவரின் குடல் நுண்ணுயிரிகளையும், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். மலாவி உணவோடு, நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிரிகளும் சேர்ந்தபோது எலிகள் சட்டென்று மெலிந்தன. இளம் ஆய்வாளர் மிஷெல் ஸ்மித்தின் பெயரை முதலில் கொண்ட இந்தக் கட்டுரை 2013இல் வந்தது.

கொண்டைக்கடலையும் வாழைக்காயும்

அப்படின்னா, குழந்தைக்கு மட்டுமில்லாமல் அதன் பாக்டீரியாவுக்கும் சேர்த்துச் சமைத்தால் என்ன? மாணவி ஜீனெட் கெரிக்கும் சக ஆய்வாளர்களும் வங்கதேசத்தில் கிடைக்கும் உணவுப் பொருட்களை எலிகள், பன்றிக்குட்டிகளிடம் சோதித்தார்கள். பிறகு குழந்தைகளிடம். கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா மாவுகளோடு வாழைக்காயும் சேர்ந்த கலவை முன்னால் வந்தது. அதன் பெயர் எம்டிசிஎஃப்-2.

அடுத்து வந்த மாணவர் ராபர்ட் சென்னின் பெயரை முதலில் தாங்கி, 2021இல் பெரிய முடிவு வெளியானது. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில், மிதமான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள 123 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குப் புதிய கலவை, இன்னொரு பிரிவுக்கு அரிசி, பருப்பு, பால்பவுடர் கலந்த வழக்கமான துணை உணவு. 3 மாதம் கொடுத்தார்கள். புதிய கலவையில் கலோரி குறைவுதான். ஆனாலும் அதைச் சாப்பிட்ட குழந்தைகளே வேகமாக எடை கூடினார்கள்.

உடனே வீட்டில் கிண்டலாமா?

கூடாது. குறிப்பிட்ட அளவில், மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்த கலவை அது. சோதனையும் சிறியது, வித்தியாசமும் மிகப் பெரியதல்ல. வேறு நாடுகளிலும் இது பலன் தருமா என்பதை அங்கே பெரிய அளவில் சோதித்துத்தான் சொல்ல முடியும். குழந்தை வயதுக்கேற்ற எடை இல்லையென்றால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அறிவியல் கட்டுரைகளில் முதல் பெயர், பெரும்பாலும் வேலையை முன்னின்று செய்தவருடையது. இங்கே அந்த இடம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒருவர் படிப்பு முடித்துக் கிளம்பும்போது கேள்வி பாதியில்தான் நின்றது. அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொண்டார். மிர்பூர் குழந்தையின் கிண்ணத்துக்கு அந்தக் கலவை வந்து சேர்ந்தது அப்படித்தான்.