வங்க கடலில் விழுந்த 53 வருட ரஷிய விண்கலம்! எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதது ஏன்?

2025-ம் ஆண்டு மே 10-ந்தேதி, சனிக்கிழமை. நம்ம ஊர் நேரப்படி பகல் 11.54 மணி. மத்திய அந்தமான் தீவுக்கு மேற்கே 560 கி.மீ. தூரத்தில், அரை டன் எடையுள்ள ஒரு இரும்பு உருண்டை வானத்தில் இருந்து கடலில் விழுந்தது. இப்படி அறிவித்தது ரஷிய விண்வெளி நிறுவனம். வரைபடத்தில் அளந்து பார்த்தால் அந்த இடம் சென்னைக்கு கிழக்கே சுமார் 800 கி.மீ. தூரத்தில் வருகிறது.

அதன் பெயர் காஸ்மாஸ்-482. பேச்சுக்குத்தான் இரும்பு உருண்டை, உண்மையில் அது டைட்டானியம் உலோகத்தில் செய்த கலம். குறுக்களவு சுமார் 1 மீட்டர்.

நல்லவேளையாக யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் அன்று காலை வரை அது எந்த நாட்டில் விழும் என்று யாராலும் உறுதியாக சொல்ல முடியவில்லை. "ராக்கெட் விடுறாங்க, நிலாவுக்கே போறாங்க. மேலே இருந்து விழுறது எங்கே விழும்னு சொல்ல முடியாதா?" என்று டீக்கடையில் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இதோ.

53 வருடம் சுற்றியது

1972-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி அப்போதைய சோவியத் ரஷியா இந்த கலத்தை வெள்ளி கிரகத்துக்கு அனுப்பியது. ராக்கெட் என்ஜின் பாதியிலேயே நின்று போனது. பூமியை விட்டு வெளியேற முடியாமல் கலம் இங்கேயே சுற்ற ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக கீழே இறங்கி, 53 வருடம் கழித்து விழுந்தது.

சாதாரணமாக பழைய செயற்கைகோள் விழும்போது பெரும்பகுதி வானத்திலேயே எரிந்து விடும். அலுமினியம் சீக்கிரம் உருகி விடும். ஆனால் இது வெள்ளி கிரகத்தின் கடும் வெப்பத்தையும், அழுத்தத்தையும் தாங்குவதற்காக செய்யப்பட்ட கலம். அதனால் முழுசாக தரைக்கு வந்து சேரலாம், மணிக்கு சுமார் 240 கி.மீ. வேகத்தில் மோதலாம் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே 52 டிகிரி முதல் தெற்கே 52 டிகிரி வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் கணக்கு. லண்டன், டெல்லி, சென்னை, சிட்னி எல்லாமே இந்த லிஸ்டில் அடங்கும்.

ஒரு நிமிஷம் தப்பினால் மதுரை

பூமிக்கு அருகில் சுற்றும் பொருள் ஒரு வினாடிக்கு சுமார் 7.8 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. ஒரு நிமிஷத்தில் சுமார் 470 கி.மீ. அதாவது விழும் நேரத்தை கணிப்பதில் ஒரே ஒரு நிமிஷம் தப்பினால் போதும். சென்னையில் விழ வேண்டியது மதுரை தூரத்தில் போய் விழும். பத்து நிமிஷம் தப்பினால் நாடே மாறி விடும்.

சரி, நேரத்தை கரெக்டாக கணக்கு போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

பல நூறு கி.மீ. உயரத்திலும் லேசாக காற்று இருக்கிறது. அந்த காற்று உரசுவதால் வேகம் குறைந்துதான் பொருள் கீழே இறங்குகிறது. ஆனால் அந்த காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியனில் புயல் அடித்தால் மேல் காற்று சூடாகி உப்பும். உரசல் அதிகமாகும். நாளைக்கு விழ வேண்டியது இன்றைக்கே விழும்.

இன்னொன்று, விழும் பொருள் நேராக வருவதில்லை. உருண்டு புரண்டு வரும். ஓடும் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கையை விரித்து காட்டினால் காற்று கையை பின்னால் தள்ளும். பக்கவாட்டில் திருப்பினால் அவ்வளவு தள்ளாது. அதே மாதிரிதான் இதுவும். எந்த பக்கம் திரும்பி வருகிறது என்பதை பொறுத்து வேகம் மாறும்.

நிபுணர்களுக்கு ஒரு தோராய கணக்கு உண்டு. விழுவதற்கு எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறதோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு முன்னே பின்னே ஆகலாம். 10 நாள் பாக்கி என்றால் 2 நாள் கூடலாம், குறையலாம். 10 மணி நேரம் பாக்கி என்றால் 2 மணி நேரம். அந்த 2 மணி நேரத்துக்குள் அது பூமியை ஒரு தடவைக்கு மேல் சுற்றி விடும்!

ரேடார் பிடித்தது எப்படி?

அமெரிக்க விண்வெளி படையும், ஐரோப்பிய நாடுகளும் ரேடார், டெலஸ்கோப் வைத்து இரவு பகலாக வானத்தை கண்காணிக்கின்றன. ஆனால் ஒரு ரேடாரால் உலகம் முழுவதையும் பார்க்க முடியாது. தன் தலைக்கு மேலே வரும் போது மட்டும்தான் பிடிக்கும். அதற்குள் இவ்வளவு வேகம், இவ்வளவு உயரம் என்று அளந்து கொள்ளும். அடுத்த சுற்றில் மறுபடி வரும்போது மறுபடி அளக்கும்.

காஸ்மாஸ் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அன்று நம்ம நேரம் 11.34 மணிக்கு ஜெர்மனி ரேடாரில் அது தெரிந்தது. அடுத்த சுற்றில் மதியம் 1.02 மணிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்படியானால் இடையிலேயே விழுந்து விட்டது" என்ற முடிவுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் வந்தது. ரஷியா சொன்ன 11.54 மணியும் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே நேரத்தில் 10 பொருட்களை பின்தொடரும் ரேடார் இருக்கிறது. பெங்களூரில் இதற்காகவே இஸ்ரோ 2022-ல் தனி மையம் திறந்தது.

விமானங்கள் நின்றன

முன்கூட்டியே சரியாக சொல்ல முடியாததால் நஷ்டமும் உண்டு. 2022 நவம்பர் 4-ந்தேதி சீன ராக்கெட்டின் பெரிய பாகம் விழப்போகிறது என்று ஸ்பெயின் நாடு தன் வான் எல்லையின் ஒரு பகுதியை சுமார் 40 நிமிடம் மூடியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதம். கடைசியில் அது விழுந்தது பசிபிக் கடலில்.

அதே 2022 ஏப்ரல் 2-ந்தேதி இரவு மராட்டிய மாநிலம் சந்திராப்பூர் மாவட்டத்தில் வானத்தில் நெருப்பு கோடு போல ஒளி தெரிந்தது. லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் அகல உலோக வளையம் வந்து விழுந்தது. கிராம மக்கள் மிரண்டு போனார்கள். சீன ராக்கெட்டின் பாகமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் கூறினார்கள்.

அடுத்த நாட்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியா கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, நம்ம பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பாகம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. எரிபொருளை கொஞ்சம் மிச்சம் வைத்து, நாமே சொன்ன இடத்தில் இறக்கி விடலாம். 2023 மார்ச் 7-ந்தேதி இஸ்ரோ தனது மேகா-டிராபிக்ஸ் செயற்கைகோளை இப்படித்தான் பசிபிக் கடலுக்கு மேலே கொண்டு போய் இறக்கியது. சுமார் 1,000 கிலோ எடை. யாருக்கும் தொல்லை இல்லை. செத்துப்போன கலத்துக்கு இது முடியாது. அது விழும் இடத்தில்தான் விழும்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

பயப்பட தேவையில்லை. பூமியில் 100-க்கு 71 பங்கு கடல். மீதியிலும் காடு, பாலைவனம் அதிகம். ஆனால் கடலுக்கு போகும் மீனவர்களும், வயலில் வேலை செய்பவர்களும் சில விஷயங்களை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

* உருண்டை டேங்க், கருகிய தகடு, வளையம் எதுவாக இருந்தாலும் தொட வேண்டாம். ஹைட்ரசீன் என்ற விஷ எரிபொருள் மிச்சம் இருக்கலாம். சுத்தியால் தட்டுவது, பிளந்து பார்ப்பது கூடவே கூடாது.

* குழந்தைகளை கிட்டே விடாதீர்கள். காற்று அடிக்கும் திசைக்கு எதிர் பக்கமாக தள்ளி நில்லுங்கள்.

* போலீசுக்கோ, வி.ஏ.ஓ.வுக்கோ உடனே சொல்லுங்கள். கடலில் என்றால் கடலோர காவல்படைக்கு தகவல் கொடுங்கள்.

* காயலான் கடையில் போட்டு காசு பார்க்க நினைக்க வேண்டாம். சர்வதேச ஒப்பந்தப்படி அது அனுப்பிய நாட்டின் சொத்து.

அதே ஒப்பந்தங்களில் நமக்கு சாதகமான விஷயமும் இருக்கிறது. விழுந்த பொருளால் உயிருக்கோ, வீட்டுக்கோ சேதம் என்றால் அனுப்பிய நாடுதான் நஷ்டஈடு தர வேண்டும். 1978-ல் ரஷியாவின் அணுசக்தி செயற்கைகோள் கனடாவில் விழுந்தது. சுத்தம் செய்த செலவுக்காக கனடா விடாமல் கேட்டது. கடைசியில் சோவியத் ரஷியா 30 லட்சம் கனடா டாலர் கொடுத்தது.

ஆனால் நஷ்டஈடு கேட்க ஆதாரம் வேண்டும். விழுந்த துண்டுதான் அந்த ஆதாரம். அதை எடைக்கு போட்டு விட்டால் அப்புறம் யாரிடம் போய் கேட்பது?