ஆடும் கட்டிலும் அசையா முக்கோணமும்

“இந்தக் கட்டில்லே படுத்தா படகுலே படுத்த மாதிரி இருக்குடா!” என்று என் பாட்டி சொன்னபோது வீட்டில் அனைவரும் சிரித்தோம். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் தலைமாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், கட்டில் ஒருபுறம் சாய்ந்து ஆடவே, பிடி தவறித் தரையில் விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று முதல் கட்டிலை ஒதுக்கித் தரையில் பாய் விரித்தார். எண்பது வயதில் தரையிலிருந்து எழுவது எளிதன்று. கட்டிலைச் சீர்செய்வது என் பொறுப்பாயிற்று.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டு குறுகலானது. முழுக் கட்டில் அதில் ஏறாது. ஆகவே, பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து விற்கும் கட்டிலை வாங்கினோம். இம்முறை புதியதன்று. தோனே நிறுவனம் 1859இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாற்காலி ஆறு மரத்துண்டுகளும், பத்துத் திருகாணிகளும், இரண்டு நட்டுகளும் கொண்டது. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும்! இடம் மிச்சம், வண்டிக்கூலியும் மிச்சம். ஆனால் இவ்வகைப் பொருள்களில் வலிமை முழுவதும் மூட்டுகளையே நம்பியிருக்கிறது.

பழைய தேக்குக் கட்டிலில், சட்டத்தின் முனையைச் செதுக்கிக் காலில் உள்ள துளைக்குள் இறுக்கிவிடுவார் தச்சர். அங்கே மரமே மரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரித்துப் பூட்டும் கட்டிலிலோ ஒன்றிரண்டு போல்ட்டுகளே பிடிக்கின்றன. அவை சற்றுத் தளர்ந்தாலும் காலும் சட்டமும் சேர்ந்த செவ்வகம் இணைகரமாகச் சாய்கிறது. நான்கு தீக்குச்சிகளை முனைகளில் நூலால் கட்டிச் சதுரமாக்கி அழுத்திப் பாருங்கள், சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்துங்கள். குச்சி முறிந்தாலன்றி வடிவம் மாறாது. உயர் அழுத்த மின்கோபுரங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் முக்கோணங்களாக ஓடுவது இதனால்தான்.

நான் செய்த முதற் பிழை, ஆடும்போதெல்லாம் திருகாணியை மேலும் முறுக்கியது. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகையில் அளவுக்கு மீறி முறுக்கினால் துளைதான் சிதையும். எங்கள் தெருத் தச்சர் ஒருவர் இதைக் கண்டு, “திருகறதுலே பலம் இல்லே தம்பி, தாங்கறதுலேதான் பலம்” என்றார். அவர் காட்டிய வழியில் நான்கு வேலைகள் செய்தேன்.

முதலாவது, மூலைமட்டம். எல்லா போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தேன். எங்கள் கட்டில் 75 அங்குல நீளம், 60 அங்குல அகலம். பிதாகரஸ் தேற்றப்படி ஒவ்வொரு மூலைவிட்டமும் ஏறத்தாழ 96 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்று அரை அங்குலம் கூடுதலாகவும் மற்றொன்று அவ்வளவு குறைவாகவும் இருந்தன. இரண்டும் சமமாகும்வரை சட்டத்தை நகர்த்தி, பிறகே எல்லா போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

இரண்டாவது, பிடிப்பு. சிதைந்த துளைகளில் திருகாணியை நீக்கி, பலகையின் மறுபக்கம் வரை துளையிட்டு, அகலமான வாஷர் வைத்து போல்ட்டும் நட்டும் பூட்டினேன். அகன்ற வாஷர், அழுத்தத்தைப் பரந்த இடத்தில் பகிர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, முக்கோணம். ஓரடி நீள மரத்துண்டுகளை, ஒவ்வொரு காலிலிருந்தும் பக்கச் சட்டத்துக்குச் சாய்வாக இணைத்தேன். கால்மாட்டில், கட்டிலின் அகலவாட்டிலும் அவ்வாறே செய்தேன். தலைமாட்டில் பெரிய பலகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நான்காவது, நடுக்கால். 60 அங்குலக் குறுக்குப் பலகைகளின் நடுவே நீளவாட்டில் ஒரு சட்டம் கொடுத்து, அதன் அடியில் தரையைத் தொடும் கால் ஒன்றை வைத்தேன். தாங்கும் இடைவெளி பாதியானால், நடுவில் வைத்த அதே எடைக்குப் பலகை வளைவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். வளைவு குறைந்தால் மூட்டுகளின் அசைவும் குறையும்.

சென்னைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடற்காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே நல்லவை. தரை துடைக்கும் ஈரம் கால்களின் அடியில் ஏறினால் மரத்தூள் பலகை உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய உறுதி வாராது. எனவே கால்களுக்கு ரப்பர்க் குமிழ் அணிவிக்க வேண்டும். பூட்டிய இரண்டு வாரத்தில் ஒருமுறையும், பின்னர் ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் போல்ட்டுகளைச் சோதிப்பது நலம்.

வேலை முடிந்ததும் பாட்டி உடனே படுத்துவிடவில்லை. தலைமாட்டுப் பலகையை இரு கைகளாலும் பிடித்து, தம் பலங்கொண்ட மட்டும் அசைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிப் பரணில் வைக்கும்படி என்னிடம் கொடுத்தார். தேர்வில் பெற்ற மதிப்பெண்களைவிட அது எனக்குப் பெரிதாகத் தோன்றியது. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஆடும் கட்டில்களில் துயிலும் நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். வகுப்பில் படித்த வடிவியல் அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.